‘டக்’ சத்தம் வராத ஆம்ப்ளிஃபயர்

கேள்வி: ஐயா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. என் தாத்தா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். 1978-ல் பிரான்ஸில் வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை ஊர் திரும்பும்போது கொண்டுவந்தார். தானே புயலுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. போன மாதம் எடுத்துப் போட்டேன். விளக்கு எரிகிறது, சின்ன வயதில் நான் கேட்ட அந்த ‘டக்’ சத்தம் மட்டும் வரவில்லை, பாட்டும் இல்லை. அப்படியே விட்டுவைத்தால் 20, 25 நிமிஷம் கழித்து ‘டக்’ வருகிறது. வலது ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடுகிறது. இடதில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம், பாட்டு மங்கல். இங்குள்ள மெக்கானிக் ஒருவர் “ரிலேவ ஷார்ட் பண்ணிட்டா பாடும்” என்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லா கண்டன்சரையும் மாற்றச் சொல்கிறார்கள். என்னிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் உண்டு. வீட்டிலேயே நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: தம்பி, முடியும். ஆனால் ரிலேவை ஷார்ட் செய்யாதீர்கள். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்கிற, பிரிக்கிற சுவிட்ச்தான் ரிலே; நீங்கள் கேட்ட ‘டக்’ அது ஒட்டுகிற சத்தம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். புதுச்சேரியில் பட்டறை போட்ட புதிது. மாசிமகத்துக்கு முந்தின நாள் வைத்திக்குப்பத்துக்காரர் ஒருவர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் சாமியெல்லாம் கடற்கரைக்கு வரும், வாசலில் பாட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றார். ரிலே ஒட்டவில்லை. ஏன் என்று தேட நேரமில்லை. இரண்டு அங்குல ஒயரை ரிலேவின் கால்களுக்குக் குறுக்கே பத்தவைத்துக் கொடுத்தேன். பாடியது. சாயங்காலம் அவர் பையன் ஓடிவந்தான், ஸ்பீக்கர் துணிக்குப் பின்னாலிருந்து புகை வருகிறதாம். போய்ப் பார்த்தால் ஊஃபர் காயில் கரிக்கட்டை. கூலியைத் திருப்பிக் கொடுத்ததோடு ஸ்பீக்கருக்கும் சேர்த்து அழுதேன்.

நடந்தது இதுதான். உங்களுடையது போன்ற ஆம்ப்ளிஃபயரில் உள்ளே கூட்டல் 40 வோல்ட், கழித்தல் 40 வோல்ட் என்று இரண்டு டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) சப்ளை இருக்கும். பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் முனை இந்த இரண்டுக்கும் நட்டநடுவில், பூஜ்ஜியத்தில் நிற்கவேண்டும். உள்ளே ஏதாவது கெட்டால் அது ஒரு பக்கம் சாயும். முழுதாகச் சாய்ந்து 40 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கரில் ஏறினால், 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் டிசிக்கு 6 ஓம் அளவில்தான் இருக்கும், கிட்டத்தட்ட 266 வாட் சூடு அந்தச் சின்னக் காயிலில் இறங்கும். உங்கள் கையிலிருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பத்தை ஒன்றாகக் கட்டி உள்ளே வைத்த மாதிரி. அது நடக்காமல் இருக்கத்தான் ரிலே. முனை ஒன்றிரண்டு வோல்ட் சாய்ந்தாலே அது ஸ்பீக்கரைச் சேர்க்காமல் நிறுத்திவிடும். உங்கள் ரிலே கெட்டுப்போகவில்லை, பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கண்டன்சர். எல்லாவற்றையும் மாற்று என்று சொல்வது சுலபம். அறுபது எழுபது கண்டன்சரைக் கழற்றி மாட்டும்போது இரண்டு தலைகீழாகப் போகும், நாலு இடத்தில் போர்டின் செம்புத்தகடு உரியும், பழைய வியாதியும் அப்படியே இருக்கும். அதற்கப்புறம் எது பழைய குறை, எது நாம் வைத்த குறை என்று யாராலும் சொல்ல முடியாது. என் பட்டறைக்கு வருகிற பழைய செட்டுகளில் பாதி இந்த இரண்டாம் ரகம்தான்.

உங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: வலது பக்கம் சுத்தமாகப் பாடுகிறது. ஸ்டீரியோ என்றால் ஒரே சர்க்யூட்டை இரண்டு தடவை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வலதில் ஒரு இடத்தில் என்ன வோல்ட் இருக்கிறதோ அதே வோல்ட் இடதில் அதே இடத்தில் இருக்கவேண்டும். எங்கே முதலில் வித்தியாசம் வருகிறதோ அங்கே நில்லுங்கள். சர்க்யூட் டயகிராம் கிடைத்தால் நல்லது. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகள் நிறையவற்றுக்கு ஸ்கேன் செய்த சர்வீஸ் மேனுவல் இணையத்தில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் வலது பக்கமே உங்கள் மேனுவல்.

திறப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். வோல்டேஜ் செலக்டர் இருக்கும். தாத்தா பிரான்ஸில் வைத்திருந்ததால் 220-ல் நிற்கும். நம் ஊரில் 230 என்று பேர், என் பட்டறையில் ராத்திரி 240 காட்டுவதும் உண்டு. செலக்டரில் 240 என்று ஒரு நிலை இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதற்கு மாற்றுங்கள். 220-ல் வைத்து 240 கொடுத்தால் உள்ளே எல்லா வோல்டேஜும் நூற்றுக்கு 9 ஏறி நிற்கும். வயசான உடம்புக்கு அது வேண்டாம். ஃபியூஸையும் கழற்றிப் பாருங்கள். மேலே எழுதியிருக்கும் ஆம்பியர்தான் உள்ளே இருக்கிறதா, இல்லை யாராவது சிகரெட் பெட்டி ஜிகினாவைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று.

பின்னாலேயே ப்ரீ அவுட் (முன்பாதியிலிருந்து பாட்டு வெளியே வரும் இடம்), மெயின் இன் (பவர் ஆம்ப்ளிஃபயர் பாதிக்குள் போகும் இடம்) என்ற துளைகளை இணைக்கும் ‘ப’ வடிவ உலோகப் பின்கள் இரண்டு இருக்கலாம். எல்லா மாடலிலும் இருக்காது, இருந்தால் அதிர்ஷ்டம். கடலோரத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்தால் அவை கறுத்துப்போயிருக்கும். பிடுங்கி, பளபளப்பு வரும்வரை துணியால் தேய்த்துச் சொருகுங்கள். இதோடு சரியாகிவிட்ட செட்டுகளும் உண்டு. அப்படி வந்தவர்களிடம் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் வாங்கியிருக்கிறேன்.

அதே பின்களால் ஒரு பரிசோதனையும் செய்யலாம். செட்டை அணைத்துவிட்டு இரண்டு பின்னையும் எடுங்கள். ஆடியோ ஒயர் இரண்டை வைத்து இடது ப்ரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும், வலதை இடதுக்கும் குறுக்கே மாட்டுங்கள். போனால் போகட்டும் என்கிற பழைய ஸ்பீக்கரைச் சேர்த்து, ‘டக்’ வரும்வரை காத்திருங்கள். பொரிகிற சத்தம் வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் குறை முன்பாதியில், அதாவது வால்யூம், டோன், டேப் மானிட்டர் சுவிட்ச் பக்கம். இடதிலேயே இருந்தால் பவர் ஆம்ப்ளிஃபயர் பாதியில். ரிலே 20 நிமிஷம் தயங்குவதைப் பார்த்தால் இடதிலேயே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பொரியலும் தயக்கமும் இரண்டு வியாதி இல்லை, ஒரே வியாதியின் இரண்டு முகம். பந்தயம் கட்டச் சொன்னால் அதில்தான் கட்டுவேன். ஆனால் பந்தயத்தை நம்பி பார்ட்ஸ் வாங்கக்கூடாது.

இனி மூடியைத் திறக்கலாம். அதற்கு முன் ஒரு சீரிஸ் பல்ப் போர்டு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட். ஃபேஸ் ஒயர் பல்ப் வழியாகப் போய் பிளக் பாயின்ட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். 100 வாட் குண்டு பல்ப் வேண்டும். எல்இடி பல்ப் இந்த வேலைக்கு ஆகாது. கடையில் குண்டு பல்ப் கிடைக்கவில்லை என்றால் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், சூட்டுக்காக வாங்கி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரை இதன் வழியாகப் போடுங்கள். பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். பவர் டிரான்சிஸ்டரோ, ரெக்டிஃபயரோ, டிரான்ஸ்ஃபார்மரோ ஷார்ட். மங்கினால் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். இத்தனை வருஷம் சும்மா கிடந்த பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் மெதுவாகத் தேறிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே நேராக கரண்டில் போட்டுவிட்டீர்கள், தப்பித்தது உங்கள் தாத்தா புண்ணியம். பல்ப் வழியாகப் போடும்போது வோல்டேஜ் குறைவதால் ரிலே ஒட்டாமலே போகலாம், அதை வைத்து எதுவும் முடிவு செய்யவேண்டாம்.

உள்ளே கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். முன்பக்க சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் மாட்டியிருக்கும்வரை அந்த சுவிட்சின் கால்களில் 230 வோல்ட் நிற்கும், அதுவும் உங்கள் முழங்கை இடிக்கிற இடத்தில்தான் இருக்கும். பிறகு பெரிய கண்டன்சர்களை இறக்கவேண்டும். 100 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் உள்ள ஒயர் பத்தவைத்து, கண்டன்சரின் கால்களில் ஒரு பத்து நொடி பிடியுங்கள், மீட்டரில் பூஜ்ஜியம் வந்ததா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ‘படீர்’ என்று ஷார்ட் செய்யும் வீரர்கள் உண்டு. வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் மீட்டரை எடுக்காதீர்கள். கண்ணால் ஒரு மணி நேரம் பாருங்கள். கடலூராக இருந்தாலும் புதுச்சேரியாக இருந்தாலும் உப்புக்காற்று விட்ட தடம் உள்ளே இருக்கும். கால்கள் பச்சை பூத்திருக்கும், ஒயர் சுற்றிய முனைகள் கறுத்திருக்கும். தானே அன்றைக்கு உங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் இதன் மேல் இறங்கியதா? எழுதவில்லை. போர்டில் தண்ணீர் காய்ந்த வளையம் தெரிந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் துடையுங்கள், நன்றாகக் காயும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, முக்கியமானது. பெரிய கண்டன்சர்களின் அடியில் காப்பி நிறத்தில் கெட்டியாக ஏதோ ஒழுகிக் காய்ந்த மாதிரி இருக்கும். பார்த்தவுடன் எல்லோரும் கண்டன்சர் ஒழுகிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது பசை. ஆடாமல் இருக்க ஃபாக்டரியில் வைத்தது. புதிதில் வெளிர்மஞ்சள், வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு பழுப்பாகும். பழுப்பானால் அது சும்மா பசை இல்லை, கரண்டைக் கொஞ்சம் கடத்தும், பக்கத்தில் இருக்கும் கால்களையும் அரிக்கும். ஈரக்காற்றில் இன்னும் மோசம். சின்ன டிரான்சிஸ்டர், டயோடு இவற்றின் கால்களைத் தொட்டுக்கொண்டு அந்தப் பசை இருந்தால் அதுவே உங்கள் வில்லனாக இருக்கலாம். மூங்கில் குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். அடியில் கால் அரித்திருந்தால் அந்தப் பார்ட்டை மாற்றுங்கள்.

இப்போது அளவு. மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப் போட்டு ஸ்பீக்கர் மைனஸ் டெர்மினலில் கடித்துவிடுங்கள். சிவப்பு முனை போகவேண்டிய இடம், ரிலேவுக்கு முன்னால்: ஒவ்வொரு பக்கமும் பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இருக்கும், 0.33 அல்லது 0.47 ஓம் என்று எழுதியிருக்கும். இரண்டு தனித்தனியாக இருந்தால் அவை சேரும் இடம். மூன்று கால் உள்ள ஒன்றாக இருந்தால் நடுக்கால். அதையும் கிளிப்பால் கடித்துவிட்டுத்தான் கரண்ட் போடவேண்டும். ஓடுகிற செட்டில் கையால் முனையைப் பிடித்து அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் நல்ல டிரான்சிஸ்டர் நாலு போய்விடும். அணை, கடி, போடு, படி, அணை. கம்பெனியில் செய்வதைவிட மெதுவாக.

வலதில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். இடதில் என்ன வருகிறது என்பதில்தான் கதை பிரிகிறது.

இரண்டு பக்கமும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தும் ரிலே ஒட்டவில்லை என்றால் நான் பந்தயத்தில் தோற்றேன். பவர் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி; பாதுகாப்பு சர்க்யூட்டே சோம்பல். அதில் நேரத்தைக் கணக்கிடும் ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் லீக்காகி இருக்கும், அதை மாற்றினால் வழக்கமான நாலைந்து நொடியில் ‘டக்’ வரும். கண்டன்சர் மாற்றும் உங்கள் ஆசையும் நிறைவேறும்.

இடதில் முப்பத்தைந்து, நாற்பது வோல்ட் என்று முழுதாக நின்றால் பவர் டிரான்சிஸ்டரோ அதை ஓட்டும் டிரைவரோ போயிருக்கும். ஆனால் உங்கள் செட் சூடானதும் பாடுவதால் அப்படி இருக்காது. நான் எதிர்பார்ப்பது மூன்றாவது: போட்டவுடன் இரண்டு மூன்று வோல்ட், பிறகு சூடு ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது ‘டக்’. அப்படி நகர்ந்தால் குறை முன்வாசலில் இருக்கும் ஜோடி டிரான்சிஸ்டரில், டிஃபரென்ஷியல் பேர் என்பார்களே, அதில். இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்து சின்ன டிரான்சிஸ்டர்கள் சில வயசானால் பொரிய ஆரம்பிக்கும். 2எஸ்ஏ726 இதற்குப் பேர் போனது. பொரிவதும் அதுதான், முனையைச் சாய்ப்பதும் அதுதான்.

உறுதிசெய்ய ஒரு வழி: மீட்டர் கிளிப் கடித்திருக்கும்போதே, தலை காயவைக்கும் டிரையரை எட்டப்பிடித்து அந்த ஜோடி மேல் லேசாகச் சூடு காட்டுங்கள். ஒன்றின் மேல் காட்டும்போது மட்டும் எண் தாவினால் ஆள் அகப்பட்டான். வலது பக்க ஜோடிக்கும் அதே சூட்டைக் காட்டிப் பாருங்கள், கொஞ்சம்தான் அசையும்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டையும் மாற்றுங்கள், மல்டிமீட்டரில் ஹெச்எஃப்இ (டிரான்சிஸ்டர் கரண்ட்டைப் பெருக்கும் அளவு) அளந்து ஒரே மாதிரி வருகிற ஜோடியாக. 2எஸ்ஏ726-ஆக இருந்தால் கேஎஸ்ஏ992 போடலாம், கால் வரிசையும் ஒன்றே. வேறு நம்பராக இருந்தால் டேட்டாஷீட் பார்க்காமல் வாங்காதீர்கள். நம் ஊர்க் கடையில் எதைக் கேட்டாலும் “பிசி547 போடுங்க, எல்லாத்துக்கும் ஒத்துக்கும்” என்பார்கள். ஒத்துக்காது. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547-ன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜப்பான் சின்ன டிரான்சிஸ்டர் பெரும்பாலானவற்றில் எமிட்டர், கலெக்டர், பேஸ். அப்படியே சொருகினால் முனை முழுதாகச் சாயும். அதோடு பிசி547 தாங்குவது 45 வோல்ட்தான். கூட்டல் 40, கழித்தல் 40 உள்ள செட்டில் சில இடங்களில் 80 வோல்ட் வரை விழும். பவர் டிரான்சிஸ்டர் வாங்க நேர்ந்தால் இன்னும் கவனம். மேலே நம்பரை மாற்றி அச்சடித்த கள்ளச்சரக்கு ஏராளம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் குவியலில் பொறுக்கும் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பவர் டிரான்சிஸ்டரை மட்டும் அங்கே பொறுக்குவதில்லை.

வால்யூமும் சுவிட்சுகளும் கரகரக்கத்தான் செய்யும். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே அடித்து 30 தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள், டேப் மானிட்டர் சுவிட்சை மறக்காதீர்கள். துரு எடுக்கும் ஸ்பிரே வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் விட்ட வால்யூம் கன்ட்ரோல் ஒன்றும் என்னிடம் வந்திருக்கிறது, எறும்போடு. ரிலேவின் முனைகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய விசிட்டிங் கார்டை ஆல்கஹாலில் நனைத்து நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள், கறுப்பு கார்டில் வந்துவிடும்.

எல்லாம் முடிந்து இடது முனையும் 50 மில்லிவோல்ட்டுக்குள் வந்தபின், பல்ப் இல்லாமல் நேராகப் போட்டு, வால்யூம் பூஜ்ஜியத்தில், ஸ்பீக்கர் இல்லாமல் 15 நிமிஷம் ஓடவிட்டு ஐடில் கரண்ட்டை, அதாவது பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்டை, பாருங்கள். ஒரு எமிட்டர் ரெசிஸ்டரின் (முன்பு சொன்ன வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்தான்) இரண்டு காலுக்கும் குறுக்கே அளக்கவேண்டும். 0.33 ஓம் என்றால் 10 மில்லிவோல்ட் வந்தால் 30 மில்லிஆம்பியர். மேனுவலில் இருக்கும் எண் கிடைக்காவிட்டால் வலதில் வருவதே இடதுக்கும் அளவு. இந்தக் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பயஸ் ப்ரிசெட்டைத் திருப்புவதற்கு முன் அது நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டு பழைய ஸ்பீக்கரில். தாத்தாவின் ஸ்பீக்கர் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாத சூடு வந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் வாடை வந்தாலோ நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், மடியில் வைத்து. எழுதுவதானால் மூன்று எண் வேண்டும்: இடது முனையின் டிசி போட்டவுடன் எவ்வளவு, ‘டக்’ வருவதற்குச் சற்று முன் எவ்வளவு, வலது முனையின் டிசி எவ்வளவு. அந்த ஜோடி டிரான்சிஸ்டரின் மேல் எழுதியிருக்கும் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். அந்த எழுத்து என் கண்ணுக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.